மான்செஸ்டர் மேயர் சொன்னால் பத்து கவுன்சிலும் கேட்குமா?

வேலந்தாவளம்வாசி:
என் தங்கை இங்கிலாந்தில் போல்டன் ஊரில் இருக்கிறாள். இந்தியக் குடியுரிமையோடேயே அங்கே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்பதால் 2024 மே மாதம், போல்டனும் சேர்ந்த கிரேட்டர் மான்செஸ்டர் பகுதியின் மேயருக்கு ஓட்டுப் போட்டிருக்கிறாள். ஆனால் போல்டனுக்குத் தனியாக ஒரு கவுன்சிலும் இருக்கிறதாம், அதே மாதிரி மொத்தம் பத்து. அப்படியென்றால் யார் பேச்சு எடுபடும்? எனக்குத் தெரிந்த மேயர் என்றால் கோவை மேயர்தான். கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் கோப்பில் கையெழுத்துப் போட்டு வேலையை நடத்துவது கமிஷனர். அங்கேயும் அப்படித்தானா?

சால்ஃபோர்டுக்காரன்:
இல்லைங்க, இங்கே மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். 2017இல் ஆண்டி பர்ன்ஹாம் முதல் மேயராக வந்தார், 2021, 2024 இரண்டிலும் மறுபடி ஜெயித்தார். கமிஷனர் மாதிரி மேலே இருந்து அனுப்பிய அதிகாரி யாரும் கிடையாது. ஆனால் மேயர் தனிக்காட்டு ராஜாவும் இல்லை. பகுதி முழுவதற்கும் ஒரு கூட்டு ஆணையம் இருக்கிறது; பத்து கவுன்சில் தலைவர்களும் மேயரும் சேர்ந்த பதினொரு பேர்தான் அது, பேருக்கு ஒரு ஓட்டு. பஸ், தீயணைப்பு, போலீஸ் மேற்பார்வை எல்லாம் மேயர் கையில். வீட்டுக் குப்பை எடுப்பது, முதியோர் பராமரிப்பு, நூலகம் எல்லாம் அந்தந்த கவுன்சில். குழப்பத்துக்கு இன்னொன்று, எங்கள் சால்ஃபோர்டுக்கு மட்டும் தனியாக நேரடித் தேர்தலில் வரும் நகர மேயரும் உண்டு.

மேயருடைய பலம் பஸ் விஷயத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. தனியார் கம்பெனிகள் இஷ்டத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்ததை மாற்றி, ரூட்டும் கட்டணமும் ஆணையம் முடிவு செய்யும், கம்பெனிகள் ஒப்பந்தத்தில் ஓட்டும் என்று 2021இல் முடிவெடுத்தார். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். 2023 செப்டம்பரில் உங்கள் தங்கை ஊர்ப் பக்கம்தான் முதலில் ஆணையத்தின் மஞ்சள் பஸ் வந்தது, 2025 ஜனவரியில் பத்துப் பகுதிக்கும் வந்துவிட்டது.

சித்தூர்_தென்னந்தோப்பு:
பலத்தைச் சொன்னீர்கள், கடிவாளத்தையும் சொல்லுங்கள் அண்ணா. மேயரின் பட்ஜெட்டை மூன்றில் இரண்டு பங்கு தலைவர்கள் சேர்ந்தால் மாற்றலாம். நிலத் திட்டத்துக்கு, அதாவது எங்கே வீடு கட்டுவது, எந்தப் பசுமை நிலத்தை விடுவது என்பதற்கு, பத்துப் பேரும் ஒரே மனதாகச் சம்மதிக்க வேண்டும். 2020 டிசம்பரில் ஸ்டாக்போர்ட் மட்டும் முடியாது என்றது, பத்து ஊர்த் திட்டம் அத்தோடு போச்சு. மிச்ச ஒன்பதும் சேர்ந்து தனியாக ஒரு திட்டம் போட்டு 2024 மார்ச்சில்தான் முடித்தார்கள். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. சின்ன ஊரின் வயலை, பெரிய ஊரில் ஓட்டு வாங்கிய ஒருவர் மட்டும் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

வேலந்தாவளம்வாசி:
நன்றி, இப்போது புரிகிறது. அப்போ கோவையும் பாலக்காடும் சேர்ந்து இப்படி ஒன்று வைக்க முடியாதா? எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி எல்லாம் கோவையில்தான், ஆனால் ஒரு புது பஸ் விட வேண்டும் என்றால் இரண்டு மாநில அரசும் ஒப்பந்தம் போட வேண்டியிருக்கிறது.

சித்தூர்_தென்னந்தோப்பு:
இப்போதைய சட்டத்தில் வழியில்லை அண்ணா. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் பெருநகரத் திட்டக் குழு வைக்கச் சொல்கிறது, உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்காவது உள்ளாட்சிகளில் ஜெயித்தவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். ஆனால் அதை அமைப்பது மாநிலச் சட்டம், எல்லையோடு அது நின்றுவிடும். அதுவும் திட்ட வரைவு மட்டும்தான் போடும், பஸ் ஓட்டாது. மான்செஸ்டரில் பத்து கவுன்சிலுக்கும் மேலே ஒரே அரசு, 2014இல் அந்த அரசோடு பேசித்தான் மேயர் பதவியே வாங்கினார்கள். இங்கே இரண்டு சட்டமன்றமும் மனது வைக்க வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீருக்கு இதே இரண்டு மாநிலத்துக்கும் நடுவே 1970இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் சித்தூருக்கு எவ்வளவு விடுவது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

சால்ஃபோர்டுக்காரன்:
லண்டனில் மேயரைக் கேள்வி கேட்கவே 25 பேர் கொண்ட சபைக்கு மக்கள் தனியாக ஓட்டுப் போடுகிறார்கள். எங்களுக்கு அது இல்லை, கவுன்சிலர்களிலிருந்து எடுத்த குழுதான் கேட்கிறது. இந்தக் குறை எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. தங்கையிடம் சொல்லுங்கள், பஸ் வரவில்லை என்றால் மேயர் அலுவலகம், குப்பை எடுக்கவில்லை என்றால் போல்டன் கவுன்சில்.