டெரிக் ஹென்றியின் உயரம்: வரமா, பாரமா?

எண்ட்சோன்_ரசிகன்: அமெரிக்கன் ஃபுட்பால்ல ரன்னிங் பேக்னா, அதாவது பந்தைக் கையில வாங்கிட்டு ஓடுறவர்னா, குள்ளமா, கட்டையா இருந்தாதான் சரின்னு சொல்றவங்க ஹென்றி ஆட்டத்தைப் பார்க்கிறதே இல்லையா? 6 அடி 3 அங்குலம், 247 பவுண்டு. 2020ல டென்னசி டைட்டன்ஸ் டீமுக்கு ஓடி எடுத்தது 2,027 யார்டு. 30 வயசுல பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போய் 1,921. அந்த உடம்புதான் அவரோட ஆயுதம்.

பழைய_கவ்பாய்: உயரத்தையும் மீறி ஜெயிச்சவர் தம்பி அவர். ஓடி எடுத்த யார்டு 18,355, டச்டவுன் (பந்தோட எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டுறது) 164, ரெண்டு சாதனையும் எம்மிட் ஸ்மித்கிட்டதான் இருக்கு. அவர் 5 அடி 9. முன்வரிசையில நிக்கிற லைன்மேன் முதுகுக்குப் பின்னால மறைஞ்சு வந்து, எதிரணித் தடுப்பாளரான லைன்பேக்கர் கண்ணுல படுறதுக்குள்ள இடைவெளியில நுழைஞ்சிடுவார். நெட்டையான ஆளுக்கு மறைய இடம் ஏது? டேக்கிள் பண்ண, அதாவது பிடிச்சுக் கீழே தள்ள, வர்றவனுக்கும் பிடிக்கத் தோதா நீளமான கால்.

எண்ட்சோன்_ரசிகன்: அந்தக் காலைப் பிடிக்க முதல்ல கிட்ட வரணுமே அண்ணே! 2018 டிசம்பர்ல ஜாகுவார்ஸுக்கு எதிரா ஓடின 99 யார்டைத் திரும்பப் போட்டுப் பாருங்க. ஓரக்கோட்டுப் பக்கமா நெருங்கினவங்களை ஒவ்வொருத்தரா ஸ்டிஃப் ஆர்ம்ல, அதாவது கையை விறைப்பா நீட்டி, தள்ளிட்டே போறார். அவங்க கை இவர் இடுப்புக்கு வர்றதுக்குள்ள இவர் கை அவங்களை எட்டிடுது. குட்டைக் கைக்கு அது நடக்குமா?

பழைய_கவ்பாய்: அதெல்லாம் ஓட இடம் கிடைச்ச பிறகு. நான் கேக்குறது முதல் மூணு யார்டு. ஆட்டம் தொடங்குற கோட்டுக்குப் பின்னாலேயே எதிரணி ஆள் ஒருத்தன் புகுந்துட்டா, நீளமா அடி எடுத்து வைக்கிறவர் சட்டுனு திசை மாத்த முடியாது. 5 அடி 8 இருந்த பேரி சாண்டர்ஸ் நின்ன இடத்துலேயே ஆளைச் சுத்தவிட்டுப் போயிடுவார். மூணாவது டவுன்ல (10 யார்டு எடுக்கக் கிடைக்கிற நாலு வாய்ப்புல மூணாவது) ரேவன்ஸ் அடிக்கடி ஹென்றிக்குப் பதிலா இன்னொரு ரன்னிங் பேக் ஜஸ்டிஸ் ஹில்லை ஏன் இறக்கினாங்க?

தோள்_மட்டம்: உயரத்தை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க. எரிக் டிக்கர்சனும் 6 அடி 3 தான், ஆனா 220 பவுண்டு. நெஞ்சை நிமிர்த்தியே ஓடுவார், மோதாம நழுவிடுவார். 1984ல ஒரே சீசன்ல அவர் எடுத்த 2,105 யார்டு சாதனை இன்னும் முறியல. ஹென்றி அப்படி இல்ல. மோதுறதுக்கு முன்னாடி தோளைத் தாழ்த்தி, முழு எடையையும் இறக்குவார். நேரம் ஆக ஆக டிஃபென்ஸ் தளர்ந்துடும். ஆட்டத்தோட கடைசிப் பகுதியான நாலாவது குவார்ட்டர்ல அவர் பயங்கரமா தெரியுறது அதனாலதான்.

பழைய_கவ்பாய்: ஒரே சீசன்ல 2,000 தாண்டினவங்க ஒன்பது பேர். அதுல 6 அடி 3 இருக்கிறவங்க இந்த ரெண்டு பேர்தான்.

எண்ட்சோன்_ரசிகன்: அந்த உயரத்துல எத்தனை பேர் கையில பந்தைக் குடுக்குறாங்க அண்ணே? முக்கால்வாசிப் பேரைப் பள்ளிக்கூடத்துலேயே லைன்பேக்கராவோ டைட் எண்டாவோ மாத்திடுறாங்க. அவ்வளவு கொஞ்சப் பேருக்குள்ள ரெண்டு பேர் 2,000 தொட்டிருக்காங்கன்னா அது பெரிய விஷயம்.

பழைய_கவ்பாய்: அந்தக் கணக்கு சரிதான். ஆனா நாலாவது டவுன், ஒரு யார்டு, எதிர்ல பதினோரு பேர் நெருக்கி நிக்கிறாங்க. நான் கோச்சா இருந்தா எம்மிட் கையிலதான் பந்தைக் குடுப்பேன்.