கொழும்பில் சுகாதார, சமூகசேவை ஆய்வு வேலை: வழி சொல்லுங்கள்

அக்காமார், அண்ணாமாருக்கு வணக்கம். என் தங்கை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முடித்துவிட்டு இப்போது வெள்ளவத்தையில் என்னோடு இருக்கிறாள். ஆராய்ச்சி உதவியாளர் வேலை தேடுகிறாள். கின்சி வீதியில் உள்ள கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம்தான் முதல் விருப்பம். முதியோர் பராமரிப்பு, மனநலம் பற்றிய ஆய்வென்றால் இன்னும் நல்லது.

இந்தப் பதவிகள் பெரும்பாலும் ஒரு திட்டத்தின் நிதியில் ஒப்பந்தமாக வருபவை. நிதி முடிய வேலையும் முடியும். அது அவளுக்குத் தெரியும், சரி என்கிறாள். விளம்பரம் வரும்வரை காத்திருக்காமல் பேராசிரியர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் போடலாமா?

அவள் சிங்களம் பேசுவாள், எழுத வராது. ஆனால் தமிழ் பேசும் நோயாளிகளிடம் அவர்கள் மொழியிலேயே விளக்கிச் சம்மதம் வாங்கவும், நேர்காணல் செய்து ஒலிப்பதிவை எழுத்தாக்கவும் ஆள் வேண்டும்தானே? இதைச் சரியாகச் செய்யாவிட்டால் அந்த மக்களின் குரல் ஆய்வில் வராமலே போய்விடும். மலையகத் தோட்டங்களிலோ மட்டக்களப்பிலோ களவேலை என்றாலும் போவாள். இந்தத் திறமையை மதிக்கும் ஆய்வுக் குழுக்கள் எவை?

அப்புறம், எஸ்பிஎஸ்எஸ் (புள்ளிவிபரங்களை ஆராயும் கணினி மென்பொருள்) தெரிந்திருப்பது கட்டாயமா? ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைத்தால் உதவுமா? யாராவது அவளுடைய சுயவிபரக் கோவையை ஒருமுறை பார்த்துத் திருத்தித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.