லாரிப் பட்டையில் செய்த கத்தி: தோய்ச்சலுக்குத் தண்ணீரா, எண்ணெயா?

புது உளி: பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அரைத்துக் காய் நறுக்கும் கத்தி ஒன்று செய்கிறேன். முதுகு 3 மி.மீ., வாய் 1 மி.மீ. அடுப்புக்கரி உலையும் ஊதியும் உண்டு, வெப்பமானி இல்லை. எங்கள் ஊர்ப் பட்டறையில் அரிவாளைக் கடினமாக்க, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில்தான் தோய்க்கிறார்கள். எனக்கும் அதுவே போதுமா?

துருத்தி: போதும் தம்பி. ஆனால் முழுக் கத்தியையும் முக்காதே. வாயை மட்டும் முக்கி எடுத்து, கல்லால் தேய்த்து வெள்ளையாக்கிப் பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்கும். வைக்கோல் நிறம் வந்து பழுப்புக்குத் திரும்பும்போது முழுசாக முக்கிவிடு. ஒரே சூட்டில் கடினமும், அது நொறுங்காமலிருக்கச் சற்றுத் தணிக்கும் பதமும் முடிந்தது. எண்ணெய், ஓவன் எல்லாம் யூடியூப் வந்த பிறகு வந்த கதை.

கரிம எஃகு: அரிவாளுக்கு நீங்கள் சொல்வது சரி அண்ணே. அதன் முதுகு கனம், சூடு தங்கும். இவர் கத்தியில் முதுகே 3 மி.மீ. வாயை முக்கிய வேகத்தில் முதுகும் ஆறிவிடும், திரும்பி இறங்க சூடு எங்கே இருக்கிறது? மெல்லிய வாய் தண்ணீரில் 'டிங்' என்று வெடிக்கவும் செய்யும். ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், கூடவே குரோமியமோ சிலிக்கனோ சேர்ந்திருக்கும். எண்ணெயில் கடினமாவதற்கென்றே செய்த எஃகு அது. கடலை எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கித் தோய்த்தால் போதும். சூடான எண்ணெய் இளகி ஓடும், கத்தியின் சூட்டையும் வேகமாக இழுக்கும்.

துருத்தி: எண்ணெயில் தோய்த்த கத்தி மழுங்கும் என்பது நாங்கள் கண்ணால் பார்த்தது.

கரிம எஃகு: சூடு பற்றாமல் தோய்த்திருப்பார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றதும் எடுத்துவிடுகிறார்கள். இரும்பு காந்தத்தை விடுவது 770 டிகிரியில். இந்தப் பட்டைக்கு அதற்கு மேலும் 60, 70 டிகிரி வேண்டும்.

துருத்தி: அந்த 60 டிகிரியைத் தம்பி எதை வைத்து அளப்பான்? காந்தத்தை நம்பச் சொல்வதே நீங்கள்தான். சாயங்காலம் வெளிச்சம் மங்கியபின் உலையில் பார்க்கச் சொல்லுங்கள். கத்தி சிவந்து வரும்போது உள்ளே ஒரு நிழல் ஓடும். அந்த நிழல் கரைந்து நிறம் ஒரே சீராக வந்தபின் இன்னும் கொஞ்சம் விட்டு எடுக்க வேண்டும்.

கரிம எஃகு: இதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். எஃகின் உள்கட்டமைப்பு மாறும்போது அது வெப்பத்தை விழுங்கும், அதனால்தான் அந்த நிழல். ஆனால் "கொஞ்சம்" கூடிப்போனால் எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பெருத்து வாய் பொரியும். முதல் தடவை செய்பவருக்கு அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

அடுக்களை: நடுவில் வருகிறேன். புது உளி, அதே பட்டையில் மிச்சத் துண்டு இருக்குமே? கத்தியின் கனத்துக்கு அரைத்து, முதலில் அதைத் தோய்த்து, துணியில் சுற்றி வைஸில் பிடித்து உடையுங்கள். கண்ணாடி போடாமல் உடைக்காதீர்கள், சில்லு தெறிக்கும். முறிவு சாம்பல் நிறத்தில், பட்டுப்போல் நைஸாக இருந்தால் சூடு சரி. சர்க்கரைப் பரல் மாதிரி மினுங்கினால் அதிகம். உடையாமல் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது உலையிலிருந்து எண்ணெய்க்குப் போக நேரமாகிவிட்டது.

கத்தியைத் தோய்த்ததும் அரம் போட்டுப் பாருங்கள், கடினமாகியிருந்தால் வழுக்க வேண்டும். மேல்தோலில் கார்பன் எரிந்து மெத்தென்றிருக்கும், அதைத் தாண்டித் தேய்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். அப்புறம் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, பதத்துக்கு அன்றைக்கே ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தால் மேசையிலேயே விரிசல் விடலாம். எண்ணெய்க்கு இரும்புப் பாத்திரம், பக்கத்தில் மூடி. எரிந்தால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

புது உளி: விரல் நீளத்தில் இரண்டு துண்டு இருக்கிறது. ஒன்று தண்ணீரில், ஒன்று எண்ணெயில் போட்டு, உடைத்த படம் போடுகிறேன். பழைய எஞ்சின் ஆயில் சும்மா கிடக்கிறதே, அது ஆகாதா?

கரிம எஃகு: வேண்டவே வேண்டாம். புகையும் நஞ்சு, அதற்குள் என்னென்ன கலந்திருக்கிறதோ. காய் நறுக்கும் கத்தி இது.

துருத்தி: அதில் மட்டும் நான் சார் பக்கம். தண்ணீர்த் துண்டை எடுக்கும்போது முதுகுச் சூட்டை விட்டுவைத்து எடு தம்பி, முழுசாக முக்கி உடைத்துவிட்டு என் முறை தோற்றது என்று எழுதாதே.