ஸ்லர்மில் ஆர் ஸ்கிரிப்ட்: 8 கோர், 32 ஜிபி கேட்டும் மெமரி போதாமல் சாகிறது

கெடிலக்கரை (கடலூர்):
வானிலைத் துறையின் 0.25 டிகிரி மழைத்தரவு, 1901–2024. நாடு முழுவதற்கும் அட்சம், தீர்க்கம், தேதி, மழை என நான்கு பத்தி டேட்டா ஃபிரேமாக (அட்டவணை) ஆர்டிஎஸ் (ஆர் மொழியின் சேமிப்பு வடிவம்) கோப்பில் இருக்கிறது. அதிலிருந்து தமிழகம், புதுச்சேரியின் 180 கட்டங்களுக்கு ஆண்டு அதிகபட்ச மழை எடுத்து, ஜிஇவி (அதிகபட்ச மதிப்புகளுக்கான நிகழ்தகவுப் பரவல்) பொருத்தி, கட்டத்துக்கு 5,000 பூட்ஸ்ட்ராப் (அதே ஆண்டுகளிலிருந்து திரும்ப எடுக்கும் மாதிரி). எம்சி-லாப்ளையில் (பல கோரில் ஒரே நேரத்தில் ஓட்டும் ஆர் கட்டளை) கோர் எண்ணிக்கைக்கு டிடெக்ட்கோர்ஸ். நோடில் (கிளஸ்டரின் ஒரு கணினி) 64 கோர்; அதில் ஸ்லர்மிடம் (கிளஸ்டரில் வேலைகளைப் பங்கிடும் மென்பொருள்) கேட்டது 8 கோர், 32 ஜிபி. 'அவுட் ஆஃப் மெமரி' என்று ஜாப் நிற்கிறது.

பாகூர் ஏரி:
டிடெக்ட்கோர்ஸ் முழு நோடையும் எண்ணும், ஸ்லர்ம் உங்களுக்கு ஒதுக்கியதை அல்ல. 8 கோரில் 64 பிராசஸ் அடித்துக்கொள்கின்றன. பேரலலி பேக்கேஜின் அவைலபிள்கோர்ஸ் போட்டால் சரியாக 8 வரும்.

ஆனால் சாவுக்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 135 × 129 கட்டம், 45,291 நாள்: கிட்டத்தட்ட 79 கோடி வரிசை. நான்கு பத்தி, தலா 8 பைட் என்றால் 25 ஜிபி. அட்சம் இதற்குச் சமமா என்று ஒரு முறை ஒப்பிட்டாலே இன்னொரு 3 ஜிபி லாஜிக்கல் வெக்டர். அதை ஒவ்வொரு பிராசஸும் தனித்தனியாகச் செய்கிறது. 32 எப்படிப் போதும்? ஆண்டு அதிகபட்சத்தை முன்கூட்டியே ஒரு தனி ஜாபில் எடுத்து எழுதிவிடுங்கள். 180 × 124 எண்கள்தான், 200 கேபிகூட வராது.

உப்பனாறு:
அதற்குப் பிறகு எம்சி-லாப்ளையே வேண்டாம், ஜாப் அரே (ஒரே ஸ்கிரிப்டை எண்ணிட்ட பல டாஸ்குகளாக ஓட்டுவது) போதும். 1-45%10: ஒரு டாஸ்குக்கு 4 கட்டம், ஒரே நேரத்தில் 10 டாஸ்க், தலா 1 கோர், 2 ஜிபி. ஒரு டாஸ்க் ஒரே திரெட்டில் ஓட, OMP_NUM_THREADS=1 என்று எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வெளியீட்டுக் கோப்பின் பெயரில் டாஸ்க் எண் இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். செட்.சீடிலும் (ரேண்டம் எண்களின் தொடக்கப் புள்ளி) அந்த எண்ணைச் சேருங்கள். எல்லா டாஸ்கிலும் ஒரே சீட் என்றால் 45 முறையும் அதே மாதிரித் தேர்வுதான்.

கெடிலக்கரை:
ஓடுகிறது, நன்றி. புதுச்சேரியை ஒட்டிய கட்டங்கள் உள்ள டாஸ்குகள் மட்டும் ஆப்டிம் (ஜிஇவி அளவுருக்களைத் தேடும் ஆர் கட்டளை) பிழையில் பாதியில் நிற்கின்றன.

பாகூர் ஏரி:
2024 ஃபெங்கல் புயல் மழையாக இருக்கும். 124 ஆண்டில் திரும்பத் திரும்ப எடுக்கும்போது, 5,000-இல் சுமார் 400 மாதிரிகளில் அந்த ஓராண்டே மூன்று முறையோ கூடுதலாகவோ வரும். அப்போது வடிவ அளவுரு எகிறி, பொருத்தம் குவியாது. பிழையை டிரைகேட்சில் பிடித்து என்ஏ (மதிப்பு இல்லை) போடுங்கள், எத்தனை என்றும் எண்ணிவையுங்கள். என்ஏக்களைச் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டால் பெருமழை மாதிரிகளே கழிந்து, 100 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் மழை அளவு குறைவாக வரும். ஓரிரு சதவீதத்துக்கு மேல் போனால் எல்-மொமன்ட்ஸ் (அளவுருக்களைக் கணிக்கும் வேறொரு வழி) முறைக்கு மாறுவது நல்லது.