டியூஷன் சென்டர் வைஃபையில் விபிஎன், ப்ராக்ஸியை எப்படி அடைப்பது?

செம்பனைக்காடு – கேள்வி

வணக்கம். சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க வரும் டியூஷன் சென்டர். ஃபைபர் லைன், அதோடு வந்த ரவுட்டர், அதற்குப் பின்னால் மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டர் ஒன்று (அதன் மென்பொருள் ரவுட்டர்ஓஎஸ் 7). 14 விண்டோஸ் லேப்டாப், சாயங்காலத்தில் 20 ஃபோன் வரை சேரும். டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) 1.1.1.3. ஆபாசத் தளங்கள் திறப்பதில்லை, அது சரி. ஆனால் டிக்டாக், ரோப்லாக்ஸ் பெயர்களை மைக்ரோடிக்கின் வெப் ப்ராக்ஸியில் போட்டும் நிற்கவில்லை. சைஃபோனும் (தடையைத் தாண்ட உதவும் இலவச ஆப்) குரோமில் விபிஎன் எக்ஸ்டென்ஷனும் ஓடுகின்றன. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) பிள்ளைகளுக்கு டெலிமாவும் (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கூகுள் மீட்டும் தடைபடக் கூடாது. புதுப் பெட்டி வாங்காமல் முடியுமா?

வயர்மேன்

முடியும். முதலில் அந்த வெப் ப்ராக்ஸியை நிறுத்திவிடுங்கள். அது போர்ட் 80-இல் போகும் எச்டிடிபியை மட்டுமே பார்க்கும். டிக்டாக், ரோப்லாக்ஸ் இரண்டும் போர்ட் 443-இல் குறியாக்கத்தோடு போகின்றன, அதன் கண்ணிலேயே படாது. வெளிப்பக்கம் திறந்திருந்தால் ஊரார் எல்லாம் உங்கள் லைனைப் ப்ராக்ஸியாகப் பயன்படுத்துவார்கள் என்ற ஆபத்து வேறு.

அடுத்தது டிஎன்எஸ். 1.1.1.3 தீநிரலையும் ஆபாசத்தையும்தான் தடுக்கும், ப்ராக்ஸி தளங்களைத் தொடாது. கிளீன்பிரவுசிங் ஃபேமிலி ஃபில்டர் (185.228.168.168, 185.228.169.168) ப்ராக்ஸி, விபிஎன் டொமைன்களையும் சேர்த்து அடைக்கிறது. ரெடிட் போன்ற கலப்புத் தளங்களும் அதோடு போய்விடும், தெரிந்துகொண்டு போடுங்கள். மேலிருந்து லைன் தரும் டிஎன்எஸ்ஸை ஏற்காதபடி 'யூஸ் பியர் டிஎன்எஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் லேப்டாப்பில் 8.8.8.8 என்று கையால் மாற்றினால் இதெல்லாம் வீண். அதனால் ஃபயர்வாலின் என்ஏடி பகுதியில் டிஎஸ்டி-நாட் (போகும் இடத்தை மாற்றும்) ரூல்: லேன் (உள்) பக்கமிருந்து வரும் யூடிபி 53, டிசிபி 53 (டிஎன்எஸ் போர்ட்) இரண்டையும் ரவுட்டருக்கே ரீடைரக்ட். 2024 செப்டம்பரில் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) நாடு முழுக்கச் செய்யச் சொல்லி, பிறகு கைவிட்ட டிஎன்எஸ் திருப்பலும் இதே உத்திதான். மற்ற கருவிகளின் டிஎன்எஸ் கேள்விக்கு ரவுட்டர் பதில் தர, அதில் 'அலோ ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ்' போட வேண்டியிருக்கும். போட்ட கையோடு வேன் (வெளி இணையம்) பக்கமிருந்து வரும் 53-ஐ இன்புட் செயினில் (ரவுட்டருக்கே வரும் போக்குவரத்துக்கான ரூல்கள்) டிராப் செய்யுங்கள். மறந்தால் உங்கள் ரவுட்டர் யாரோ நடத்தும் தாக்குதலுக்குக் கருவியாகும்.

இனி ரவுட்டரின் டிஎன்எஸ் ஸ்டேட்டிக்கில் டிக்டாக் டாட் காம், டிக்டாக்வி டாட் காம், ரோப்லாக்ஸ் டாட் காம், ஆர்பிஎக்ஸ்சிடிஎன் டாட் காம் ஆகியவற்றை என்எக்ஸ்டொமைன் ('அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதில்) வகையாக, 'மேட்ச் சப்டொமைன்' டிக்கோடு சேர்க்கலாம். டிரான்ஸ்லேட் டாட் கூக் என்பதையும் சேருங்கள். கூகுள் டிரான்ஸ்லேட் வழியே முழுத் தளத்தையும் திறப்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த குறுக்கு வழி. ஐஃபோன் இருந்தால் மாஸ்க் டாட் ஐகிளவுட் டாட் காம், மாஸ்க்-எச்2 டாட் ஐகிளவுட் டாட் காம் இரண்டும். பிரைவேட் ரிலே (ஆப்பிளின் முகவரி மறைப்புச் சேவை) அதில்தான் போகிறது.

போர்ட்டைப்பார்

வயர்மேன் சொன்னது பாதி. எதை அடைப்பது என்று யோசிப்பதை விட எதைத் திறப்பது என்று யோசியுங்கள். ஃபார்வர்ட் செயினில் (ரவுட்டரைக் கடந்து போகும் போக்குவரத்துக்கான ரூல்கள்) டிசிபி 80, 443, நேரம் சரிசெய்ய யூடிபி 123, மீட்டுக்கு யூடிபி 3478, 19302–19309. மற்றதெல்லாம் டிராப். ஓபன்விபிஎன் 1194, வயர்கார்ட் 51820, ஐபிசெக் 500/4500, சாக்ஸ் 1080, டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் 853 எல்லாம் ஒரே ரூலில் அடங்கிவிடும். யூடிபி 443-ஐ மட்டும் டிராப்புக்கு (சத்தமில்லாமல் கைவிடுவது) பதில் ரிஜெக்ட் (மறுப்பு அனுப்புவது) செய்யுங்கள். பிரவுசர் குவிக்கை (யூடிபியில் ஓடும் புது வகை இணைப்பு) கைவிட்டு உடனே டிசிபிக்கு வரும், பக்கம் தாமதமாகாது. 1.1.1.1, 1.0.0.1, 8.8.8.8, 8.8.4.4, 9.9.9.9 ஆகியவற்றுக்குப் போகும் 443-ஐயும் அடையுங்கள், இல்லையென்றால் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ் (443-க்குள் ஒளிந்து போகும் டிஎன்எஸ்) வழியே நழுவுவார்கள். ரூல் போட்ட பிறகு கனெக்ஷன்ஸ் அட்டவணையைத் துடைக்க வேண்டும். ஏற்கெனவே திறந்த இணைப்புகள் ஃபாஸ்ட்டிராக்கில் (ரூல்களைத் தாண்டும் வேக வழி) ஓடிக்கொண்டே இருக்கும், ரூல் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

சைஃபோனை ரவுட்டரில் முழுக்க நிறுத்த முடியாது. ஒரு வழி அடைபட்டால் அடுத்த வழி தேடும், 443-இல் சாதாரண எச்டிடிபிஎஸ் போலவே போகும். அதை லேப்டாப்பில்தான் பிடிக்க வேண்டும். அது இன்ஸ்டால் இல்லாமல் ஓடும் ஒற்றை இஎக்ஸ்இ, அதனால் ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கு மட்டும் போதாது. விண்டோஸ் புரோவில் ஆப்லாக்கர் (எந்த புரோகிராம் ஓடலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் வசதி) வையுங்கள்: டீஃபால்ட் ரூல்களை உருவாக்கினால் புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஃபோல்டர்களில் உள்ளவை மட்டும் ஓடும், டவுன்லோட்ஸும் பென்டிரைவும் நின்றுவிடும். 'அப்ளிகேஷன் ஐடென்டிட்டி' சர்வீஸ் ஓடாவிட்டால் ஒரு ரூலும் செயல்படாது, பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஆப்டேட்டாவில் உட்கார்ந்திருக்கும் ஜூம் மாதிரி புரோகிராம்களும் நிற்கும். முதல் சில நாள் ஆடிட் முறையில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்வது) விட்டு ஈவென்ட் வியூவரைப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷனுக்கு ரெஜிஸ்ட்ரியில் குரோம் பாலிசி: எக்ஸ்டென்ஷன்இன்ஸ்டால்பிளாக்லிஸ்டில் ஒரு நட்சத்திரக் குறி. ஏற்கெனவே போட்டவையும் முடங்கும். டிஎன்எஸ்ஓவர்எச்டிடிபிஎஸ்மோட் 'ஆஃப்'. எட்ஜுக்கும் தனியாக இதே மாதிரி.

செம்பனைக்காடு

நன்றி அண்ணே. 53 ரீடைரக்ட், போர்ட் ரூல் எல்லாம் போட்டாயிற்று. ஆனால் எல்லா ரூலிலும் கவுண்டர் 0. டிக்டாக் முன்பு போலவே ஓடுகிறது.

வயர்மேன்

லேப்டாப்பில் ஐபிகான்ஃபிக் அடித்து டீஃபால்ட் கேட்வே என்ன என்று பாருங்கள். அது லைன்காரர் ரவுட்டரின் முகவரி என்றால் மைக்ரோடிக் வெறும் பிரிட்ஜாக (சுவிட்ச் போல) நிற்கிறது. போக்குவரத்து அதன் ஃபயர்வாலைத் தொடாமலே கடந்து போகும். ஈத்தர்1-ஐ (மைக்ரோடிக்கின் முதல் போர்ட்) பிரிட்ஜிலிருந்து எடுத்து, லைன்காரர் ரவுட்டரை அதில் செருகி, அதில் டிஎச்சிபி கிளையன்ட் போடுங்கள். லேனுக்கு 192.168.88.0/24, டிஎச்சிபி சர்வர் மைக்ரோடிக்கில், மாஸ்கரேட் ரூல் ஈத்தர்1-இல். லேப்டாப்பில் கேட்வே 192.168.88.1 என்று வர வேண்டும்.

அதோடு லைன்காரர் ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அதன் பாஸ்வேர்ட் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கும், பிள்ளைகள் நேரே அதில் சேர்ந்தால் நம் ரூல் எதுவும் படாது. ஐபிவி6 வந்துகொண்டிருந்தால் அதன் ஃபயர்வால் தனி. அங்கும் இதே ரூல்களை எழுதுங்கள், இல்லாவிட்டால் லேனில் ஐபிவி6-ஐ நிறுத்தி வையுங்கள்.

செம்பனைக்காடு

கேட்வே லைன்காரர் ரவுட்டர்தான். ஈத்தர்1-க்கு மாற்றினேன், கவுண்டர் ஏறுகிறது. டிக்டாக் நின்றது, மீட் ஓடுகிறது. ஆப்லாக்கரை ஆடிட்டில் போட்டிருக்கிறேன்.