அப்பாவின் விரலுக்கு மசியாத தொடுதிரை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு வயது எழுபதுக்கு மேல். புது ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் வீடியோ கால் பேச அவருக்கு ரொம்ப ஆசை. ஆனால் வயதானால் விரல்நுனி வறண்டுவிடும். தொடுதிரையோ விரலின் மின்கடத்தலை வைத்துத்தான் தொடுவதை உணர்கிறது. அதனால் பல சமயம் திரை அசைந்தே கொடுப்பதில்லை. அவரும் விடாமல் அழுத்திப் பிடிக்க, ஐகான்கள் இடம் மாறிவிடுகின்றன, சில காணாமலே போய்விடுகின்றன!

எழுத்தைப் பெரிதாக்கிவிட்டேன். அணுகல்தன்மை அமைப்பில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தையும் கூட்டிவிட்டேன். கொஞ்சம் பரவாயில்லை.

முகப்புத் திரையை மாறாமல் பூட்டி வைப்பது எப்படி? பெரிய பொத்தான்கள் மட்டும் உள்ள, விளம்பரத் தொல்லை இல்லாத லாஞ்சர் (முகப்புத் திரையின் தோற்றத்தை மாற்றும் செயலி) ஏதாவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயன்படுத்துகிறார்களா? அப்புறம், தொடுபேனா நிஜமாகவே உதவுமா? பட்டன் போனுக்குத் திரும்பும் யோசனை மட்டும் வேண்டாம், கோபித்துக்கொள்வார்.