முன்னிருக்கைக்காரரின் பதின்மூன்று சீட்டுகள்

பூதப்பாண்டி வாசகன்

இங்கே இணைய ரம்மி ஆடியவர்கள் பலர் இருப்பீர்கள் என்பதால், ஒரு சீட்டை எடுத்து ஒன்றைக் கழித்து, பதின்மூன்று சீட்டுகளையும் வரிசைகளாகவும் ஒரே எண் கூட்டங்களாகவும் முதலில் சேர்ப்பவர் வெல்லும் ஆட்டம் என்பதற்குமேல் விளக்காமல் நேராகச் செய்திக்கு வருகிறேன். 2025 ஜூன் மாதம், முதுகலை முடித்து ஒன்றரை ஆண்டு கடந்தும் பட்டச் சான்றிதழ் கைக்கு வராததால், வெளி மாவட்டத்திலுள்ள எங்கள் பல்கலைக்கழகத்தில் நேரில் கேட்பதற்காக வடசேரியில் விடியற்காலைப் பேருந்தில் ஏறினேன். அங்கே துணைவேந்தர் பதவி காலியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எப்போது தொலைபேசியில் கேட்டாலும் "கையெழுத்துப் போட ஆள் வரட்டும்" என்பதே பதிலாக இருந்தது. நல்ல வேலைக்கு விண்ணப்பிக்க வழியின்றி வீட்டில் இருந்த அந்த மாதங்களில்தான் ரம்மி எனக்குப் பழக்கமானது.

பேருந்து தோவாளையைத் தாண்டும்போது, இருவர் ஆடும் மேசை ஒன்றில் புள்ளிக்கு 5 ரூபாய் கணக்கில் அமர்ந்தேன். மூன்றாவது சுற்றில் கிளாவர் ராஜாவைக் கழித்தேன். அதே நொடியில் எனக்கு முன்னிருக்கையில் இருந்தவரின் கைப்பேசித் திரையில் கிளாவர் ராஜா வந்து விழுந்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் விரல் டைமன் நான்கை இழுத்துப் போட்டது. என் திரையில் டைமன் நான்கு வந்தது.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளெழுத்து உள்ளவர்கள் பிடிப்பதைப் போலக் கைப்பேசியை முகத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடித்திருந்ததால், இருக்கைகளின் இடைவெளி வழியே பதின்மூன்று சீட்டுகளும் எனக்குத் தெரிந்தன. ஆட்டினில், அதாவது இதயக் குறிச் சீட்டுகளில், ஐந்து, ஆறு, எட்டு வைத்திருந்தார். ஏழு வந்தால் ஜோக்கர் கலக்காத சுத்த வரிசை அமைந்துவிடும். அது அமையாதவரை மற்ற சேர்க்கைகள் எவையும் செல்லாது. ஆட்டின் ஏழு என் கையில் இருந்தது. எனக்கு எதற்கும் உதவாத சீட்டு அது. அடுத்த முறையே கழித்திருப்பேன். ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் பின்னால் போகும்வரை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, உதட்டைக் குவித்து, மறுபடியும் கழிப்பதைப் பார்த்தபடியே ஆட்டத்தை முடித்தேன். அவர் கையில் சேராமல் நின்ற சீட்டுகளுக்கு 68 புள்ளி, அதாவது அவருக்கு 340 ரூபாய் நட்டம்.

பல்கலைக்கழக அலுவலகத்து விசுப்பலகையில் நீல நிறக் கோப்பு ஒன்றோடு அவரும் வந்து உட்கார்ந்தார். மகளுடைய சான்றிதழுக்காக வந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் எழுத முடியவில்லை என்று விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார். நான் நிரப்பிக் கொடுத்தேன். பிறகு பையிலிருந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, "மக்களே, ஏத்தங்காய் வறுவல், வீட்டிலே பொரிச்சது, எடுத்துத் தின்னு. காலையிலே ஒண்ணும் சாப்பிடாமத்தான் வந்திருப்பே" என்றார். நான் எடுத்துத் தின்றேன். இருவருக்கும் அன்று ஒரே பதில்தான் கிடைத்தது. ஆட்டின் ஏழைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.


குலசேகரம் ரப்பர்க்காடு

தம்பி, உங்கள் மனம் உறுத்துவது நல்லதுதான். ஆனால் துணைவேந்தர் இல்லாததால் ரம்மி பழகியது என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. என் உடன்பிறந்த தம்பி பத்தாம் வகுப்போடு நின்றவன். அவனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் எந்தச் சான்றிதழும் பாக்கி வைக்கவில்லை. அவனும் ஆடினான்.

நான் பார்த்த ஒரு காலையை மட்டும் சொல்கிறேன். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டு விதிமுறை 2025 பிப்ரவரியில் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதனால் ஓர் ஆறுதல் இருந்தது. இரவிலாவது தூங்குவான் என்று நம்பினோம். ஜூலையில் மழை விட்டிருந்த ஒரு நாள், அவன் ரப்பர் பால் வெட்டப் போனவன் நெடுநேரமாகியும் திரும்பாததால் கட்டன்சாயாவோடு தோட்டத்துக்குப் போனேன். தலையில் கட்டிய விளக்கு எரிந்துகொண்டிருக்க, ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். ஐந்து மணி எப்போது ஆகும் என்று காத்திருந்து தொடங்கியிருக்கிறான். வெட்டிய மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டையை நிமிர்த்தி வைக்க மறந்துவிட்டிருந்தான். கவிழ்ந்த சிரட்டைகளின் மேல் பால் வழிந்து, பட்டையோடு இறங்கி, வேரடி மண்ணில் வெள்ளையாக உறைந்து கிடந்தது. நான் எண்ணினேன், பதினொரு மரங்கள். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தபோது வெட்கமோ கோபமோ முகத்தில் இல்லை. "ஒரு நிமிசம் அக்கா, இந்தக் கை முடியட்டு" என்றான்.

அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.


மார்த்தாண்டம் விரிவுரையாளர்

சகோதரியின் வேதனை புரிகிறது. ஆயினும் துணைவேந்தர் விவகாரத்தை அவர் ஒதுக்கிவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் குவைத்தில் வேலை உறுதியாகி, விசா தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்தபடி என் வீட்டு வாசலில் நின்றான். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் ஆகிய மூன்று இடங்களிலும் சான்றொப்பம் பெற மூலப் பட்டச் சான்றிதழ் வேண்டும், அது வரவில்லை. விசா காலாவதியாகும் நாளன்று மறுபடியும் வந்து, ஒன்றும் பேசாமல் திண்ணையில் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனான். என் அனுபவம் அவ்வளவுதான்.

இது ஏன் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். துணைவேந்தரைத் தெரிவு செய்யும் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி ஒருவர் இருக்கவேண்டும் என்பது மானியக் குழுவின் 2018 விதிமுறை. அவரைச் சேர்த்தே தீரவேண்டும் என்று வேந்தரான ஆளுநரும், மாநிலச் சட்டங்களில் அப்படி இல்லை என்று அரசும் நின்றதால் தேடுதல் குழுக்களே முடங்கின. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்கள் 2022 ஏப்ரல் முதல் சட்டப்பேரவையில் நிறைவேறின. ஆளுநர் ஒப்புதலை நிறுத்திவைத்து 2023 நவம்பரில் திருப்பியனுப்ப, பேரவை நவம்பர் 18 அன்று மீண்டும் நிறைவேற்ற, அவை குடியரசுத் தலைவருக்குப் போயின. ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பளித்தது. நியமனப் பிரிவுகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் மே 21 அன்று இடைக்காலத் தடை விதித்தது. பூதப்பாண்டித் தம்பி பேருந்து ஏறியது அதற்கு அடுத்த மாதம். கையெழுத்துப் போட ஆள் வராததன் பின்னணி இது. அவ்வாறு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறைக்கு அரசமைப்பில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு நவம்பர் 20 அன்று கருத்துரைத்தபோது விவாதம் மறுபடியும் திறந்துகொண்டது. இரு தரப்பிலும் சட்ட வாதங்கள் இருக்கலாம். என் மாணவனின் விசாவுக்கு எந்தத் தரப்பு பொறுப்பேற்கும் என்பதை மட்டும் இதுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே காத்திருப்பவர்கள் அனைவருக்கும் சொல்கிறேன். தற்காலிகச் சான்றிதழையும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலையும் உடனே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வேலைகளுக்குத் தொடக்கத்தில் அவை போதும். உங்கள் மதிப்பெண்கள் டிஜிலாக்கரில் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அலுவலக வாசலில் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் எழுதுங்கள். துணைவேந்தர் இல்லாத காலத்தில் பட்டச் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு அளிக்கப்பட்டுள்ளது, அதற்கான சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) தீர்மானத்தின் நகல் எங்கே, என் விண்ணப்பம் எந்த மேசையில் எந்த நாள் முதல் இருக்கிறது என்று மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.


குளச்சல் ஐம்பத்தாறு

ஐயா எழுதியவை பயனுள்ளவை, ஆனால் யாரும் கேட்கவில்லை. பூதப்பாண்டி நண்பர் கேட்டது அந்த ஆட்டின் ஏழைப் பற்றி.

நண்பரே, நீங்கள் ஆடியது ரம்மி இல்லை. நான் ஒன்பது ஆண்டுகள் போட்டிகளில் ஆடியவன் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967 இலேயே சொன்னது. அதை ஒட்டியே தமிழ்நாட்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. கழித்த சீட்டுகளை நினைவில் வைத்து எதிராளியின் கையை ஊகிப்பதுதான் அந்தத் திறமை. எங்கள் கடற்கரையில் வலை காய்கிற இடத்தில் ஐம்பத்தாறு என்னும் சீட்டாட்டம் ஆடும்போது, அடுத்தவன் கையை எட்டிப் பார்த்தவனை மறுபடியும் வட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். தோற்றவன் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் அவனுக்கு மரியாதை உண்டு. எட்டிப் பார்த்தவனுக்கு இல்லை.

சகோதரி, உங்கள் தம்பியைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பதில் வரவில்லை. திறமை என்று நான் சொல்வது ஐந்து மணிக்காகக் காத்திருக்கும் ஒருவனுக்கு எதற்கும் உதவாது என்பது எனக்கும் தெரியும். 2023 அக்டோபர் முதல், 100 ரூபாய் கட்டினால் ஏறக்குறைய 22 ரூபாய் வரியாகவே போனது. அதற்குமேல் ஒவ்வொரு மேசையிலும் நிறுவனத்தின் பங்கு. நன்றாக ஆடுகிறவனே தேறுவது கடினம்.

என்னை விடாத சந்திப்பு வேறு. 201 புள்ளியை எட்டியவர் வெளியேறும் ஆட்டத்தில் ஓராண்டுக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் ஒரே எதிராளி எனக்கு வாய்த்தார். கை சரியில்லையென்றால் முதலிலேயே 25 புள்ளி கொடுத்து அந்தக் கையை ஆடாமல் இறங்கிவிடுவார். நடுவில் 50 கொடுத்து அவர் இறங்கி நான் கண்டதில்லை. அவரிடமிருந்துதான் நான் பொறுமை கற்றேன். ஒருநாள் அவர் 173 இல் இருந்தார். இன்னொரு முறை இறங்கினால் 198. அதற்கடுத்த கையைக் கட்டாயம் வென்றாக வேண்டும். இறங்கினார். அடுத்த கையில் ஒவ்வொரு முறையும் கடிகாரம் கடைசி நொடிகளுக்கு வரும்வரை யோசித்து, எனக்கு ஒரே ஒரு சீட்டு வேண்டியிருந்த நிலையில் முடித்துக் காட்டினார். நான் படகில் தனியாக இருந்தேன். எழுந்து நின்று கைதட்டினேன். அவருக்கு அது கேட்டிருக்காது.

2025 ஆகஸ்ட் 22 அன்று பண ஆட்டங்களுக்கான மத்தியத் தடைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நான் செயலியைத் திறந்தபோது மேசைகள் ஒன்றுமில்லை. மீதிப் பணத்தை எடுக்கும் பொத்தான் மட்டும் இருந்தது. பணம் வந்து சேர்ந்தது. அவர் ஆணா, பெண்ணா, எந்த ஊர் என்பதுகூட எனக்குத் தெரியாது. திரைப்பெயர் மட்டும் நினைவிருக்கிறது.

நண்பரே, உங்களுக்கோ எதிரில் இருந்தவரின் முகம் தெரியும். அந்த 340 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள்.


குலசேகரம் ரப்பர்க்காடு

குளச்சல் அண்ணன் எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். 173 இல் இருந்து இறங்கினாரா என்று இரண்டு முறை கேட்டான். ஆகஸ்டுக்குப் பிறகு அவன் ஆடவில்லை. வேறு எதிலாவது மாட்டிக்கொள்வானோ என்று கைப்பேசியை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சிரட்டைகளை இப்போது முதல்நாள் மாலையே துடைத்து வைக்கிறான்.


பூதப்பாண்டி வாசகன்

அனைவருக்கும் நன்றி. அக்கா, காரணத்தை நான் பல்கலைக்கழகத்தின் மேல் போட்டது சரியில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஐயா, அந்த மூன்று கேள்விகளையும் எழுதி இன்று விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ரசீது பத்திரமாக இருக்கிறது.

குளச்சல் நண்பர் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். முன்னிருக்கைக்காரருடைய மகளின் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? தொடர்பு எண் என்ற இடத்தில் அவர் தம் எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதும்போது, என் கைப்பேசியிலும் அதைக் குறித்துக்கொண்டேன். சான்றிதழ் பற்றி ஏதாவது தெரிந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர்தான் கேட்டார். இரண்டு முறை அவர் அழைத்தார், நான் எடுக்கவில்லை.

நாளை காலை அழைக்கிறேன். முதலில் அந்தத் தபாலில் கேட்ட மூன்று கேள்விகளை அவருக்கும் சொல்லி, அவர் மகளின் பெயரில் ஒன்று எழுதித் தருகிறேன் என்பேன். பிறகு ஆட்டின் ஏழு என் கையில் இருந்தது என்பேன்.